பழைய ஆறு கியர் சைக்கிளுக்கு மாற்றுப் பாகங்கள்: எதை எதோடு பொருத்துவது?

உச்சிப்புளி வாத்தியார் (ஞாயிறு, இரவு 8.10)

அனைவருக்கும் வணக்கம். 1997-இல் என் தந்தையார் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளை இன்றுவரை ஓட்டி வருகிறேன். இரும்புச் சட்டம், 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரங்கள், பின்னால் ஆறு, ஹேண்டில்பாரின் மேல் கட்டைவிரலால் தள்ளிக் கியர் மாற்றும் ஷிஃப்டர். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் முகாமுக்கு வாரத்தில் ஐந்து நாள் போய் வருகிறேன். ஆடி மாதத்தில் காலையில் முதுகைத் தள்ளிவிடும் கச்சான் காற்று மாலையில் திரும்பும்போது மார்பில் அறையும் என்பதால், கியர் இல்லாமல் இந்தத் தூரத்தை ஓட்ட என் வயதில் இயலாது.

பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியான பழைய பிரீவீலின் பற்கள் தேய்ந்துபோனதால் எட்டு மாதங்களுக்கு முன் வெளியூரில் ஒரு கடையில் பிரீவீலையும் செயினையும் மாற்றினேன். ஆறு பல்சக்கர பிரீவீல் கையிருப்பில் இல்லை, ஏழு போட்டாலும் ஒன்றுதான் என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். அன்று முதல் மூன்று தொல்லைகள். நடுக் கியர்களில் செயின் ஓரிடத்தில் நில்லாமல் கடகடக்கிறது. சில சமயம் தானாகவே அடுத்த பல்சக்கரத்துக்குத் தாவுகிறது. கடைசிச் சிறிய பல்சக்கரத்தில் போட்டால் செயின் சட்டத்தை உரசுகிறது. இவை போதாதென்று, கடந்த ஒரு மாதமாக எந்தக் கியரில் ஓட்டினாலும் இடைவிட்டு இடைவிட்டுக் காலுக்குக் கீழே ஓர் உதறல் தெரிகிறது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் டீரெய்லரையே மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புது சைக்கிள் வாங்கச் சொல்கிறார் மற்றொருவர். தந்தையார் வாங்கித் தந்த சைக்கிளை விட எனக்கு மனமில்லை. எந்தப் பாகத்தை எந்தப் பாகத்தோடு பொருத்தினால் சரியாக ஓடும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தொண்டி பட்டறை (ஞாயிறு, இரவு 9.45)

ஐயா, புது சைக்கிள் தேவையில்லை. டீரெய்லரையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் சொன்ன தொல்லைகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்காது. தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த உதறல். அது ஒரு குறிப்பிட்ட பல்சக்கரத்தில் மட்டும், அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வந்தால் பல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். எல்லாப் பல்சக்கரங்களிலும், மெதுவாக மிதித்தாலும், ஒரே கணக்கில் வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி துருவேறி மடங்காமல் விறைத்து நிற்கிறது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் பின்பக்கமாகச் சுற்றியபடி, டீரெய்லரின் கீழ்ச் சிறுசக்கரத்தை மட்டும் கண்ணிமைக்காமல் பாருங்கள். விறைத்த கண்ணி அங்கே வரும்போது டீரெய்லரின் கை ஒரு முறை துள்ளும். எங்கள் கடற்கரையில் செயின் தேய்ந்து சாவதைவிடத் துருவேறிச் சாவதுதான் அதிகம்.

அடுத்து, எனக்கு நான்கு விவரங்கள் வேண்டும். ஷிஃப்டரில் எத்தனை கிளிக் கேட்கிறது? பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சட்டத்தின் இரண்டு கால்களின் உட்பக்கத்துக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர்? பிரீவீலின் பெரிய பல்சக்கரத்திலும் சிறிய பல்சக்கரத்திலும் எத்தனை பற்கள்? முன்னால் மூன்று பல்சக்கரங்களிலும் எத்தனை பற்கள்? பெயர்ப்பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தேவையில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதும் உண்டு, வேறு வேறு நிறுவனங்களின் பாகங்கள் அழகாகப் பொருந்துவதும் உண்டு. அளவு மட்டும்தான் பேச வேண்டும்.

அளவுகோல் (திங்கள், காலை 6.30)

இராமநாதபுரத்திலிருந்து எழுதுகிறேன். பட்டறை அண்ணன் கேட்ட விவரங்கள் வருவதற்கு முன்பே நடுக் கியர் தொல்லையின் காரணத்தைக் கணக்காகச் சொல்லிவிட முடியும்.

கிளிக் கேட்கும் ஷிஃப்டர் என்பது, ஒவ்வொரு கிளிக்குக்கும் கேபிளை ஒரு குறிப்பிட்ட நீளம் இழுக்கும் கருவி. அந்த இழுப்பை டீரெய்லர் பெருக்கி, செயினைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. ஷிமானோ நிறுவனத்தின் பழைய ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது பல்சக்கர டீரெய்லர்களில் பெரும்பாலானவை, கேபிள் ஒரு மில்லிமீட்டர் இழுபட்டால் ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் நகரும். அதனால் அந்த வரிசைக்குள் டீரெய்லரை மாற்றிப் போட்டாலும் ஓடும். அதே நிறுவனத்தின் 1997-க்கு முந்திய டியூரா ஏஸ் என்ற பந்தய வகை மட்டும் இதற்கு விலக்கு. ஷிஃப்டரும் பிரீவீலும் அப்படியல்ல; அவை இரண்டும் எண்ணிக்கையில் ஒத்துப்போயே ஆக வேண்டும்.

ஏனென்றால், ஆறு பல்சக்கர பிரீவீலில் ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்த பல்சக்கரத்தின் நடுவுக்கு 5.5 மில்லிமீட்டர், ஏழு பல்சக்கரத்தில் 5 மில்லிமீட்டர். ஆசிரியர் ஐயாவின் ஷிஃப்டர் ஒவ்வொரு கிளிக்குக்கும் செயினை 5.5 நகர்த்தும். சிறிய பல்லில் மிகச் சரியாகச் சீர்செய்தாலும், முதல் கிளிக்கில் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போகும், இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்றரை, ஐந்தாவதில் 2.5. அதாவது ஐந்தாவது கிளிக்கில் செயின் இரண்டு பல்சக்கரங்களுக்குச் சரிபாதியில் தொங்கும். எந்த மெக்கானிக் வந்து எந்தத் திருகைத் திருகினாலும் இது தீராது. பிழையை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு நகர்த்தலாம், அவ்வளவுதான்.

செயின் சட்டத்தை உரசுவதும் அதே கணக்குத்தான். ஆறு பல்சக்கரத்தில் ஐந்து இடைவெளிகள், 27.5 மில்லிமீட்டர். ஏழில் ஆறு இடைவெளிகள், 30 மில்லிமீட்டர். கூடுதலாக வந்த அந்த இரண்டரை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாகத்தான் நீண்டிருக்கிறது.

உச்சிப்புளி வாத்தியார் (திங்கள், இரவு 7.50)

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பள்ளி விட்டு வந்ததும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன். பட்டறைக்காரர் சொன்னது அப்படியே கண்ணில் தெரிந்தது. மேலும் ஒன்றைக் கவனித்தேன். முன்னால் 42 பல்லில் போட்டுப் பெடலைச் சுற்றியபோது, ஏறத்தாழ இரண்டேமுக்கால் சுற்றுக்கு ஒரு முறை டீரெய்லர் துள்ளியது. செயினின் கண்ணிகளை எண்ணினேன், 112. அதை 42-ஆல் வகுத்தால் 2.67. செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்கு எடுக்கும் மிதிகளும் துள்ளலும் ஒன்றாக இருப்பதைக் கண்டபோது, வகுப்பில் ஒரு கணக்குக்கு விடை வந்ததைப் போன்ற நிறைவு ஏற்பட்டது. விறைத்த கண்ணிகள் இரண்டு, அடுத்தடுத்து. ஒன்றைக் கையால் மடக்கவே முடியவில்லை.

மற்ற விவரங்கள்: ஷிஃப்டரில் ஆறு நிலைகள், ஐந்து கிளிக். சட்டத்தின் இடைவெளி 126 மில்லிமீட்டர். பிரீவீல் 14 முதல் 28 பற்கள். முன்னால் 42, 34, 24.

தொண்டி பட்டறை (திங்கள், இரவு 9.20)

126 என்பது ஆறு, ஏழு பல்சக்கரக் காலத்துச் சாலை சைக்கிள்களின் அளவு. அதற்கு முந்திய ஐந்து பல்சக்கரக் காலத்தில் 120. பின்னால் வந்த மலைச் சைக்கிள்களில் 135. உங்கள் சட்டத்தில் ஏழும் அடங்கும், ஆனால் வேலை இருக்கிறது. பின்சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலின் இடப்பக்கத்து வாஷரில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு எடுத்து வலப்பக்கம் போட வேண்டும். அப்படிப் போட்டால் ரிம் நடுவிலிருந்து விலகும். வலப்பக்கத்து ஸ்போக்குகளை இறுக்கி, இடப்பக்கத்தைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வலப்பக்கத்து ஸ்போக்குகள் மேலும் நிமிர்ந்து நின்று பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கும், அடிக்கடி அறும். கூடவே ஏழு நிலை ஷிஃப்டரும் வாங்க வேண்டும்.

என் தீர்ப்பு: ஆறுக்கே திரும்புங்கள். 14-28 ஆறு பல்சக்கர பிரீவீல் இன்றும் தயாரிக்கப்படுகிறது. கடையில் இல்லை என்றால் வரவழைத்துக் கொடுக்கச் சொல்லலாம். ஷிஃப்டரையும் டீரெய்லரையும் சக்கரத்தையும் தொடவேண்டியதில்லை.

அதுவரை ஓட்டுவதற்கு ஒரு வழி இருக்கலாம். அந்தக் காலத்துக் கட்டைவிரல் ஷிஃப்டர்கள் பலவற்றில் நடுவில் ஒரு சிறு வளையமோ குமிழோ இருக்கும். அதைத் திருப்பினால் கிளிக் நின்றுவிடும். லிவர் உராய்வில் மட்டும் நிற்கும். அப்போது எத்தனை பல்சக்கரமாக இருந்தாலும் காதால் கேட்டு, விரலால் உணர்ந்து, செயினை வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இருக்கிறதா என்று பாருங்கள்.

பாம்பன் சுமைவண்டி (செவ்வாய், காலை 5.40)

பட்டறை அண்ணனோடு நான் மாறுபடுகிறேன். நான் பாம்பனிலிருந்து மண்டபத்துக்குக் கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு பாலத்தின் மேல் போகிறவன். 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் பார்வைக்குச் சமதளமாகத் தெரியும். முப்பது கிலோவைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெற்கிலிருந்து காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது நடு உயரத்துக்கு ஏறிப் பாருங்கள், அப்போது தெரியும். நான் ஏழு பல்சக்கரத்தில் 14-34 போட்டிருக்கிறேன். பெரிய பல்லில் போட்டுவிட்டால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். ஆசிரியரும் ஏழிலேயே தங்கி, 34 பல் வாங்கிப் போடுவதுதான் பிற்காலத்துக்கு நல்லது. ஆறில் 34 பல் எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை.

அளவுகோல் (செவ்வாய், காலை 7.15)

சுமைவண்டி அண்ணனின் தேவை உண்மையானது. ஆனால் ஆசிரியர் ஐயாவுக்கு அது பொருந்துமா என்று பார்க்கலாம். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.05 மீட்டர் உருளும். முன்னால் 24, பின்னால் 28 என்றால் ஒரு மிதிக்கு 1.76 மீட்டர். பின்னால் 34 என்றால் 1.45 மீட்டர். பாரம் ஏற்றுபவருக்கு இந்த வேறுபாடு பெரியது. புத்தகப் பையோடு சமவெளியில் போகிறவருக்கு 24-28 போதும். அவர் தம் 24 பல்லை இதுவரை எத்தனை நாள் பயன்படுத்தியிருப்பார் என்பதே ஐயம்.

டீரெய்லரின் கொள்ளளவு என்று ஒன்று உண்டு. முன்னால் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாட்டையும், பின்னால் உள்ள வேறுபாட்டையும் கூட்ட வேண்டும். இப்போது 42-24, 28-14. 18-உம் 14-உம் சேர்ந்து 32. பின்னால் 34 போட்டால் 18-உம் 20-உம் சேர்ந்து 38. தளர்ந்து தொங்கும் அவ்வளவு செயினையும் டீரெய்லரின் நீண்ட கை சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய டீரெய்லரின் கை அதற்குப் போதுமான நீளமில்லை என்றால், சிறிய பல்லும் சிறிய பல்லும் சேரும்போது செயின் துணிக்கொடி போலத் தொங்கும். மேல் சிறுசக்கரம் 34 பல்லில் இடிக்கவும் இடிக்கும்.

பாம்பன் சுமைவண்டி (செவ்வாய், காலை 7.40)

ஒப்புக்கொள்கிறேன். நான் டீரெய்லரையும் நீண்ட கை உள்ளதாக மாற்றிய பிறகுதான் எனக்குச் சரியாக ஓடியது. அதை மேலே எழுதாமல் விட்டது என் தவறு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பெரிய பல்லுக்கு மாறினால் பழைய செயினை அப்படியே போடாதீர்கள். நான் போட்டேன். முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று தெரியாமல் தள்ளிவிட்டேன். செயின் விண்ணென்று இறுகி, டீரெய்லர் முன்னால் இழுபட்டு, அதைத் தாங்கும் கொக்கி வளைந்துவிட்டது. பாலத்தின் நடுவில் கூடையோடு நின்றேன்.

தொண்டி பட்டறை (செவ்வாய், காலை 8.05)

செயின் நீளத்துக்கு எளிய முறை: டீரெய்லருக்குள் நுழைக்காமல், முன்னால் பெரிய பல்லையும் பின்னால் பெரிய பல்லையும் நேரடியாகச் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு முனைகளும் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி, அதாவது ஓர் அங்குலம், கூடுதலாக விட்டு வெட்டுங்கள். தவறிப்போய்ப் பெரியதில் பெரியதைத் தள்ளினாலும் எதுவும் உடையாது.

மூக்கையூர் மாணவி (செவ்வாய், மாலை 6.00)

ஐயா, இடையில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணனின் பழைய சைக்கிளுக்கு ஏழு பல்சக்கரத் தொகுப்பு ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன். எண்ணிக்கை ஏழு, பல் 14-28, எல்லாம் சரியாகத்தான் பார்த்து வாங்கினேன். ஆனால் அதன் நடுவில் மரையே இல்லை, வெறும் பள்ளங்கள்தான் இருக்கின்றன. சக்கரத்தின் நடுக் குடமான ஹப்பில் ஏறவே இல்லை. நான் என்ன தவறு செய்தேன்?

தொண்டி பட்டறை (செவ்வாய், இரவு 9.10)

தவறு உங்களுடையது மட்டும் அல்ல, தங்கை. விற்பவர்களே இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். நீங்கள் வாங்கியது கேசட். உங்கள் ஹப்பில் இருக்க வேண்டியது பிரீவீல்.

பிரீவீலில் பல்சக்கரங்களும், பின்னால் சுற்றும்போது டிக் டிக் என்று ஒலிக்கும் பொறியும் ஒரே உருண்டையாக இருக்கும். அது மொத்தமாக ஹப்பின் மரையில் திருகி ஏறும். கேசட்டில் அந்தப் பொறி ஹப்பிலேயே இருக்கும். பல்சக்கரங்கள் மட்டும் பள்ளம் வழியாக வழுக்கி உள்ளே போய், மேலே ஒரு வளையத்தால் இறுகும். கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். சக்கரத்தைக் கழற்றி, நடுவில் கருவி நுழையும் பள்ளத்தைப் பார்த்தபடி பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். அந்தப் பள்ளமும் சேர்ந்து சுற்றினால் கேசட், அது அசையாமல் பல் மட்டும் சுற்றினால் பிரீவீல். நீங்கள் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மரை உள்ளதைக் கேளுங்கள். இன்று விற்கும் பிரீவீல்களின் மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. நம் ஊர்ப் பழைய ஹப்புகளில் அது ஏறும். கையால் மூன்று சுற்று எளிதாக ஏற வேண்டும். முதல் சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. வற்புறுத்தாதீர்கள், அலுமினிய ஹப்பின் மரை ஒரு நொடியில் போய்விடும்.

கீழக்கரை மூன்று கியர் (புதன், பகல் 2.30)

டீரெய்லர் இல்லாத பழைய கியரைப் பற்றியும் ஒரு சொல் இங்கே இருக்கட்டும், ஏனென்றால் பொருத்தம் பார்க்காமல் வாங்கி நானும் அலைந்தவன். என் வாப்பாவின் வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த சைக்கிளில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. வகை மூன்று கியர் ஹப் இருக்கிறது. 1936-இல் வந்த அமைப்பு அது. ஹப்பின் மேல் அழுக்கைத் துடைத்தபோது 57 என்ற எண்ணும், சற்றுத் தள்ளி 8 என்ற எண்ணும் தெரிந்தன. தயாரித்த ஆண்டும் மாதமும் அவை. கியர் முழுவதும் ஹப்புக்குள் மூடியிருப்பதால் கடற்காற்று அதை அண்டவில்லை. வெளியே தெரிவதெல்லாம் ஒரு பல்சக்கரமும், ஆக்ஸிலின் நடுவிலிருந்து வெளியே வரும் மெல்லிய சங்கிலித் துண்டும்தான்.

அந்தச் சங்கிலித் துண்டுதான் துருப்பிடித்து அறுந்தது. புதிது ஒன்று வாங்கிப் போட்டேன். இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பெடல் வெறுமையாகச் சுற்றி, கால் நழுவி, கீழே விழப் போனேன். வாரக்கணக்கில் ஹப்பைத்தான் குற்றம் சொன்னேன். பிறகுதான் புரிந்தது: அந்தத் துண்டின் தண்டு ஆக்ஸிலின் நீளத்துக்கு ஏற்பப் பல அளவுகளில் வரும்; நான் போட்டது குட்டை. இரண்டாம் கியரில் வைத்து வலப்பக்கத்து நட்டின் துளை வழியாகப் பார்த்தால், தண்டின் முனையும் ஆக்ஸிலின் முனையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அந்த ஹப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதிலும் பிடிக்காத ஓரிடம் இருக்கிறது. மட்டம் தவறினால் அங்கேதான் போய் நிற்கும். அளவு பார்த்து வாங்கிய பிறகு, எண்ணெய்த் துளையில் மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. பட்டறை அண்ணன் சொன்ன அளவு என்ற சொல் இதற்கும் பொருந்துகிறது.

உச்சிப்புளி வாத்தியார் (வியாழன், இரவு 8.30)

ஷிஃப்டரின் நடுவில் வளையம் இருந்தது! இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். கால்வட்டம் திருப்பியதும் கிளிக் நின்றது. இரண்டு நாளாக அப்படியே ஓட்டுகிறேன். செயின் எங்கே நிற்கிறது என்பதைக் காது சொல்லிவிடுகிறது. ஆறு பல்சக்கர பிரீவீலுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். செயினில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? கேபிளும் உறையும் துருவேறியிருக்கின்றன; அவற்றையும் மாற்றலாமா?

அளவுகோல் (வியாழன், இரவு 10.00)

செயினில் கண்ணிக்குக் கண்ணி உள்ள நீளம் எல்லாவற்றுக்கும் அரை அங்குலம்தான், அகலம்தான் மாறும். கியர் இல்லாத சைக்கிளின் செயின் உட்புறம் 1/8 அங்குலம். கியர் சைக்கிளுக்கு 3/32. ஆறு, ஏழு, எட்டு என்று குறித்திருக்கும் ஒரே செயின் மூன்றுக்கும் பொருந்தும். ஒன்பதுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் உரிய மெல்லிய செயின்கள் உங்களுக்கு வேண்டாம், விலையும் கூடுதல். கடற்கரைக்கு நிக்கல் பூசிய வெள்ளை நிறச் செயினைக் கேளுங்கள், பழுப்பு நிறச் செயின் மழைக்காலத்தைத் தாங்காது.

இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செயினை அளந்து பாருங்கள். தச்சர் வைத்திருக்கும் எஃகு அளவுகோல் போதும். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மட்டும் மாற்றிவிடலாம். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டுவைத்தால் பிரீவீலின் பற்களையும் அது தின்றிருக்கும். புதுச் செயின் போட்டால் அந்தப் பற்களில் நழுவும்.

தொண்டி பட்டறை (வியாழன், இரவு 10.25)

கேபிளையும் உறையையும் கட்டாயம் மாற்றுங்கள். கேட்கும்போது கியர் உறை என்று சொல்லிக் கேளுங்கள். பிரேக் உறையை வெட்டிப் பார்த்தால் உள்ளே கம்பி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். இழுக்கும்போது அது சிறிது சுருங்கும், கிளிக்கின் கணக்கு தவறும். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், சுருங்காது. இதை மாற்றிப் போட்டு மட்டும் பழகாதீர்கள்: கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால், அழுத்திப் பிடிக்கும் ஒரு நாளில் அந்த நீளக் கம்பிகள் பிதுங்கி வெளியே வந்து பிரேக் இல்லாமல் போகும். உயிரோடு விளையாட்டு அது. கேபிள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உறையின் முனைகளுக்கு மூடி போடாமல் விடாதீர்கள். உப்பு நுழையும் வாசல் அந்த முனைகள்தான்.

டீரெய்லரின் இரண்டு சிறுசக்கரங்களையும் கழுவும்போது இடம் மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலான கிளிக் வகைகளில் மேல் சக்கரம் பக்கவாட்டில் சிறிது ஆடும்படியே செய்யப்பட்டிருக்கும். தேய்மானம் என்று நினைத்து ஆடாத ஒன்றைப் போட்டால் கியர் மாறுவது கடினமாகும்.

உச்சிப்புளி வாத்தியார் (பத்து நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5.15)

வேலை முடிந்தது. நடந்ததை விவரமாக எழுதுகிறேன், இதே வேலை செய்யப் போகிறவர்களுக்குப் பயன்படக்கூடும்.

எட்டே மாதமான பிரீவீல் ஹப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. போட்டவர் மரையில் கிரீஸ் தடவவில்லை. நம் காற்றில் இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். ஓரத்தில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருந்தது. போதாக்குறைக்கு நான் மிதித்த ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கியிருக்கிறது. முதல் நாள் இரவே சக்கரத்தைப் பிரீவீல் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, ஸ்போக் பக்கத்திலிருந்து ஹப்பும் பிரீவீலும் சேரும் வட்டத்தில் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வைத்தேன்.

மறுநாள் எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பன்னிரண்டு பள்ளமுள்ள கருவியைப் பிரீவீலின் நடுவில் நுழைத்து, அது நழுவாதபடி ஆக்ஸில் நட்டை விரலால் மட்டும் இறுக்கி, கருவியின் தலையைப் பெரிய வைஸில் கவ்வவிட்டோம். பிறகு சக்கரத்தைப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது போல இரு கைகளாலும் பிடித்து, மேலிருந்து பார்க்க இடப்பக்கமாகச் சுற்றினோம். அசையவில்லை. பட்டறைப் பையன் எதிர்ப்பக்கம் பிடித்தான். மூன்றாம் முறை, சுட்ட மண்பானை விரிசல் விடுவது போல ஒரே ஓசை. எனக்கு ஸ்போக்தான் உடைந்ததோ என்று நெஞ்சு படபடத்தது. பார்த்தால் ரிம் விரற்கடையில் கால் பங்கு நகர்ந்திருந்தது. உடனே நட்டைத் தளர்த்திவிட்டு மிச்சத்தைக் கையாலேயே சுழற்றி எடுத்தோம். நட்டைத் தளர்த்தாமல் தொடர்ந்து சுற்றினால் ஆக்ஸில் முறியும் என்று பையன் சொல்லித் தந்தான்.

மரையைத் துணியால் துடைத்து, பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் வெள்ளைப் பொடியை எடுத்து, கிரீஸ் தடவி ஆறு பல்சக்கர பிரீவீலைக் கையால் ஏற்றினேன். மூன்று சுற்று எளிதாகவே ஏறியது. சிறிய பல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இப்போது செயின் உரசாமல் போக இடம் இருக்கிறது. புதுச் செயினை அண்ணன் சொன்ன முறையில் அளந்து வெட்டினேன். ஷிஃப்டரின் வளையத்தை மீண்டும் கிளிக் பக்கம் திருப்பி, கேபிளைப் பூட்டினேன். ஆறு பல்லும் ஆறு நிலையில் நின்றன.

நேற்று மாலை கச்சானுக்கு எதிராக மண்டபம் முகாமிலிருந்து திரும்பினேன். வழி நெடுக ஓர் ஓசை இல்லை. கழற்றிய ஏழு பல்சக்கர பிரீவீல் நல்ல நிலையில் இருக்கிறது. மூக்கையூர்த் தங்கைக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றால் விலையின்றி அனுப்பி வைக்கிறேன். மரை உள்ளதுதான், 14-28.

மூக்கையூர் மாணவி (ஞாயிறு, இரவு 7.00)

இன்னும் கிடைக்கவில்லை, ஐயா. கேசட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அண்ணனின் ஷிஃப்டரில் ஆறு கிளிக், ஏழு நிலை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மிக்க நன்றி.

தொண்டி பட்டறை (ஞாயிறு, இரவு 9.00)

ஆசிரியர் ஐயா, புது உறை முதல் வாரத்தில் மூடிகளுக்குள் அமுங்கி உட்காரும். கேபிள் தளர்ந்தது போலத் தெரியும். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள உருளைத் திருகை அரைச் சுற்று வெளியே திருப்புங்கள். மேலும் கீழும் எல்லை காட்டும் இரண்டு சிறு திருகுகளைத் தொட வேண்டாம். தங்கை, பிரீவீலைப் போடுவதற்கு முன் மரையில் கிரீஸ்.

மூக்கையூர் மாணவி (ஞாயிறு, இரவு 9.12)

கிரீஸ் டப்பா வாங்கி வைத்துவிட்டேன், அண்ணா.